கேள்வி – பதில்: ஆண்ட்ரூ சல்லிவன் பழமைவாதிதானா?

பிற நாட்டு அரசியல் விமர்சகர்களில் யாரைத் தொடர்ந்து படித்தீர்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஆண்ட்ரூ சல்லிவன் என்னும் பழமைவாத வலைப்பதிவரை, பாதி நாள் அவரோடு மனத்துக்குள் சண்டை போட்டபடி’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அவருக்கே.

கேள்வி: ஆளை அறிமுகப்படுத்தாமல் பெயரை மட்டும் உதிர்த்துவிட்டுப் போவது முறையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பதில்: முறையில்லைதான், ஐயா. சல்லிவன் 1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சர்ரி மாவட்டத்தில், அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் நவீன வரலாறும் மொழிகளும் படித்தபோது, வருங்கால அமைச்சர்களும் பிரதமர்களும் நாவைத் தீட்டிக்கொள்ளும் ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற விவாத மன்றத்துக்குத் தலைவரானார். மார்கரெட் தாட்சர் ஆண்ட காலத்தில் மாணவராக இருந்து, அவரை மனதார ஆதரித்த தலைமுறை அது. பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1990-இல் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, தம் 28-ஆம் வயதில், வாஷிங்டனில் பெரும் செல்வாக்குடன் விளங்கிய ‘தி நியூ ரிபப்ளிக்’ வார இதழின் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். 1914 முதல் தாராளவாதிகளின் மேடையாக இருந்துவந்த இதழுக்கு, தன்பாலீர்ப்பு உடையவர் என்பதை மறைக்காத ஓர் ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பழமைவாதி ஆசிரியரானது அன்றைக்கு வாஷிங்டன் முழுவதும் பேசப்பட்ட செய்தி.

1993-இல் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்தார். பலனளிக்கும் கூட்டு மருந்துகள் வராத காலம் அது. அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் தம் எஞ்சிய ஆண்டுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். 1996-இல் ஆசிரியர் பதவியை விட்டு விலகியபோதுதான் அதை வெளியே சொன்னார். 2000-ஆம் ஆண்டு, வலைப்பதிவு என்ற சொல்லையே பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத நேரத்தில், ‘டெய்லி டிஷ்’ என்ற தம் பதிவைத் தொடங்கினார். அது 2006-இல் ‘டைம்’ இதழின் தளத்துக்கும், 2007-இல் ‘தி அட்லாண்டிக்’ இதழுக்கும், 2011-இல் ‘டெய்லி பீஸ்ட்’ தளத்துக்கும் குடிபெயர்ந்து, 2013-இல் எந்த நிறுவனத்தின் நிழலும் இல்லாமல் தனிக்கடை போட்டு, 2015 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் பிறகு ‘நியூயார்க்’ இதழில் 2020 வரை எழுதினார். இவ்வளவுதான் வரலாறு; மீதியை அடுத்தடுத்த கேள்விகளில் சொல்கிறேன்.

கேள்வி: தன்பாலினத் திருமணத்துக்காக வாதாடியவர், ஓபாமாவை ஆதரித்தவர், 2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு வாக்குக் கேட்டவர். இவரைப் பழமைவாதி என்று எந்த அகராதியைப் பார்த்து எழுதினீர்கள்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. உங்கள் கடிதம்தான் அவற்றில் காரமானது என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

அகராதி என்றால், சல்லிவன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட மைக்கேல் ஓக்ஷாட்தான் அந்த அகராதி. லண்டன் பொருளியல் பள்ளியில் அரசியல் தத்துவம் கற்பித்த ஆங்கிலேயர். 1901-இல் பிறந்து, சல்லிவன் தம் ஆய்வேட்டை முடித்த அதே 1990-இல் மறைந்தார். ஓக்ஷாட்டுக்குப் பழமைவாதம் என்பது கொள்கைப் பட்டியலும் அன்று, கட்சி உறுப்பினர் அட்டையும் அன்று. அது ஒரு மனப்போக்கு. கையில் இருப்பதன் அருமை தெரிந்து நடப்பது, பழகிப்போன ஒன்றைக் கைவிடும்போது இழப்பு என்ன என்று கணக்குப் பார்ப்பது, ‘உலகத்தையே திருத்தி அமைக்கிறேன்’ என்று வரைபடத்தோடு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவரைச் சந்தேகத்தோடு நோக்குவது. அரசியலுக்குச் சென்று சேர வேண்டிய துறைமுகம் என்று எதுவும் இல்லை, கப்பல் கவிழாமல் மிதக்கவேண்டும், அவ்வளவே என்பது அவருடைய கருத்து. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் பாட்டிமார் சொல்வதை அவர் பல நூறு பக்கங்களில் விரித்து எழுதினார் என்று சொன்னால் தத்துவப் பேராசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் பெரிய பிழை இருக்காது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தன்பாலினத் திருமணத்தைப் பாருங்கள். 1989 ஆகஸ்டில் ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில் சல்லிவன் எழுதிய கட்டுரை, தன்பால் இணையருக்குத் திருமண உரிமை வேண்டும் என்று கேட்டது. அன்றைக்கு உலகில் எந்த நாட்டிலும் அந்த உரிமை இல்லை. அவர் அதைப் புரட்சியின் பெயரால் கேட்கவில்லை; திருமணத்தின் பெயரால் கேட்டார். சில நகரங்கள் அப்போது ‘இல்வாழ்க்கைத் துணை’ என்ற தளர்வான சட்டத் தகுதி ஒன்றை வழங்கத் தொடங்கியிருந்தன. அந்த ஏற்பாடுதான் திருமணத்தின் மதிப்பைக் குறைக்கும். பொறுப்பு எதையும் ஏற்காமல் சலுகையை மட்டும் பெற யாருக்கும் வழி திறந்துவிடும். அதைவிட, ஒருவரையொருவர் நோயிலும் வறுமையிலும் தாங்கிக்கொள்வோம் என்று ஊர் அறிய உறுதி கூறும் பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே இவர்களையும் கொண்டுவருவது சமூகத்துக்கு நல்லது என்பது அவருடைய வாதம். எய்ட்ஸ் நோய் அமெரிக்க நகரங்களில் இளைஞர்களைக் கொத்துக்கொத்தாகப் பலிகொண்டிருந்த காலத்தில் இதை எழுதினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மருத்துவமனையில் கிடப்பவனைப் பார்க்க, ஆண்டுக்கணக்கில் கூட வாழ்ந்தவனுக்கே உரிமை மறுக்கப்பட்ட நாட்கள் அவை.

இந்த வாதத்தை 1995-இல் முழு நூலாக விரித்தார். இரண்டு பக்கமும் அடி விழுந்தது. மத நம்பிக்கையுள்ள வலதுசாரிகள் திருமணத்தைக் கெடுக்க வந்தவன் என்றார்கள். தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தின் இடதுசாரிகள் சிலர், திருமணம் என்பதே ஒடுக்குமுறை, அதற்குள் நம்மை அடைக்கப் பார்க்கும் துரோகி என்றார்கள். 1996-இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 27 விழுக்காட்டினர் மட்டுமே இத்தகைய திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றனர். 2015 மே மாதத்தில் அது 60 விழுக்காடு. அதற்கு அடுத்த மாதம், 26-ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நாடு முழுவதும் அதைச் சட்டமாக்கியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆண்டனி கென்னடி, குடியரசுக் கட்சி அதிபர் ரொனால்ட் ரீகன் நியமித்தவர். பதிவை மூடி நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்த சல்லிவன், அன்று ஒரே ஒரு நாள் பூட்டைத் திறந்து ஒரு பதிவு எழுதிவிட்டு மறுபடி பூட்டிவிட்டார்.

ஓபாமாவைப் பொறுத்தவரை, பொறுமையும் நிதானமும் உள்ள மனிதர், தம்மைப் பொறுத்தவரை அன்றைய குடியரசுக் கட்சியைவிட அவரே பழமைவாத மனப்போக்குக்கு அருகில் நிற்பவர் என்று சல்லிவன் எழுதினார். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பிடித்துப்போன தலைவரிடம் தமக்குப் பிடித்த குணங்களை எல்லாம் கண்டுபிடித்துவிடும் பழக்கம் சல்லிவனுக்கு உண்டு. 2001-இல் ஜார்ஜ் புஷ்ஷிடமும் அவர் ஏறக்குறைய இதையே கண்டார்.

கேள்வி: ஈராக் போருக்கு ஊதுகொம்பு ஊதியவர்களில் இவரும் ஒருவர் அல்லவா? அதை எழுத ஏன் தயங்கினீர்கள்?
— வழக்கறிஞர், மதுரை

பதில்: ஒரு வரி பதிலில் இடமில்லை என்பதைத் தவிர வேறு தயக்கம் இல்லை. ஆம், ஊதினார், உரக்கவே ஊதினார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஐந்தே நாட்களில், லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ ஞாயிறு இதழில் எழுதிய கட்டுரையில், அமெரிக்கக் கடற்கரை நகரங்களின் சீரழிந்த இடதுசாரிகள் ஐந்தாம் படையாகச் செயல்படக்கூடும் என்ற பொருளில் எழுதிவிட்டார். நாட்டின் சாம்பல் இன்னும் ஆறாத வாரத்தில் தன் கருத்தை ஏற்காதவர்களை உளவாளிகளோடு சேர்த்துப் பேசுவது பழமைவாதமும் அன்று, பத்திரிகைத் தர்மமும் அன்று. சில நாட்களிலேயே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சொல் இன்றுவரை அவரைத் துரத்துகிறது.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக் காலம், நாள்தோறும் பலமுறை, ஈராக் மீது படையெடுக்க வேண்டும் என்று எழுதினார். இங்கேதான் என் அடிப்படைக் குற்றச்சாட்டு இருக்கிறது. படைபலத்தைக் கொண்டு ஓர் அந்நிய நாட்டில் மக்களாட்சியை நட்டு வளர்த்துவிடலாம் என்பதைவிட ஓக்ஷாட்டுக்கு ஒவ்வாத திட்டம் உலகில் இருக்க முடியாது. வரைபடத்தோடு வருபவனை நம்பாதே என்று கற்பித்த ஆசானைப் பற்றி ஆய்வேடு எழுதியவர், பெரும் வரைபடம் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஏன்? அவருடைய சிந்தனை ஆற அமர நடக்கச் சொல்லும் சிந்தனை. அவர் தேர்ந்தெடுத்த தொழிலோ மணிக்கு மூன்று முறை தீர்ப்பு எழுதச் சொல்லும் தொழில். நூலிலும் நீண்ட கட்டுரையிலும் ஓக்ஷாட்டின் மாணவராக இருந்த மனிதர், வலைப்பதிவில் உட்கார்ந்ததும் வேறு ஒருவராகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதனால்தான் அவரைப் படிப்பதை நான் நிறுத்தவில்லை. 2004 ஏப்ரலில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்த படங்கள் வெளிவந்தபோது, கைதிகளை வதைப்பது அமெரிக்க அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டதோ என்ற கேள்வியைத் தம் முகாமுக்குள்ளிருந்தே, ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுப்பியவர்களில் முதன்மையானவர் அவர். அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று, தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை புஷ் ஆதரித்ததும் முறிவு முழுமையாயிற்று. அந்த ஆண்டுத் தேர்தலில் சல்லிவன் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியை ஆதரித்தார். பிற்காலத்தில், 2001 முதல் 2008 வரை போரைப் பற்றித் தாம் எழுதிய பதிவுகளை ஒன்றுவிடாத நேர்மையோடு வரிசைப்படுத்தி, ‘தவறு செய்தேன்’ என்று பொருள்படும் தலைப்பில் மின்னூலாகவே வெளியிட்டார். போரை ஆதரித்த பத்திரிகையாளர்கள் இரு கட்சிகளிலும் ஏராளம். தம் பழைய வரிகளைத் தாமே தொகுத்துச் சந்தையில் வைத்தவர் இன்னொருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அவரையும் படிக்கிறேன்.

கேள்வி: பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மர் இவரோடு படித்தவர் என்று எங்கோ பார்த்தேன். உண்மையா?
— புத்தகக் கடைக்காரர், ஈரோடு

பதில்: உண்மை. இருவரும் ரெய்கேட் பள்ளியின் மாணவர்கள். அரசியல், மதம் என்று எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று ஸ்டார்மரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: வலைப்பதிவர்கள் உட்கார்ந்த இடத்தில் எழுதியதால் அமெரிக்க அரசியலில் ஏதேனும் உண்மையாகவே நகர்ந்ததா, அல்லது அவர்களே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா?
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2002 டிசம்பர் 5 அன்று, செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழா நடந்தது. 1948-இல் இன ஒதுக்கல் கொள்கையை முன்வைத்து அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர் தர்மண்ட். செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த டிரெண்ட் லாட் அந்த விழாவில், அன்றைக்கு தர்மண்ட் வென்றிருந்தால் நாட்டுக்கு இத்தனை தொல்லைகள் வந்திருக்காது என்ற பொருளில் பேசினார். பெரிய நாளிதழ்கள் அதை முதலில் கிழவருக்குச் சொன்ன உபசார வார்த்தையாக எண்ணிக் கடந்துபோயின. வலைப்பதிவர்கள் கடக்கவில்லை. இடதுசாரிப் பதிவர்கள் கத்தியது எதிர்பார்த்ததுதான். சல்லிவனைப் போன்ற வலதுசாரிப் பதிவர்களும் லாட் விலகியே தீரவேண்டும் என்று நாள்தோறும் எழுதியதுதான் லாட்டுக்குத் தப்பிக்க வழியில்லாமல் செய்தது. டிசம்பர் 20 அன்று தலைவர் பதவியை விட்டுவிட்டார். சொந்த வீட்டுக்காரனே கதவைச் சாத்தினால் எங்கே போவது?

அதேபோல, ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் தலைமை ஆசிரியராக இருந்த ஹவல் ரெய்ன்ஸ், செய்திப் பக்கங்களைத் தம் அரசியலுக்கு வளைக்கிறார் என்று சல்லிவன் மாதக்கணக்கில் தாக்கினார். அந்த நாளிதழின் ஞாயிறு இதழில் எழுதும் வாய்ப்பை அதனால் இழந்தார். ஜேசன் பிளேர் என்ற நிருபர் கற்பனைச் செய்திகளை எழுதிவந்தது அம்பலமானதும் 2003 ஜூனில் ரெய்ன்ஸ் விலகினார். இதைத் தம் வெற்றியாகப் பதிவர்கள் கொண்டாடினார்கள். ரெய்ன்ஸை வீழ்த்தியதில் பெரும்பங்கு அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புழுங்கிக்கிடந்த அதிருப்திக்கு உண்டு என்பதால், அந்தக் கொண்டாட்டத்தில் பாதியைக் கழித்துவிடலாம். கற்பனைச் செய்தி எழுதுவோரைப் பற்றி சல்லிவன் பிறருக்கு உபதேசிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு: அமெரிக்கப் பத்திரிகை உலகம் மறக்க முடியாத புளுகரான ஸ்டீபன் கிளாஸ் பணியில் சேர்ந்தது, சல்லிவன் ஆசிரியராக இருந்த ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில்தான்.

கேள்வி: அவர் கறுப்பின மக்களின் அறிவுத்திறனை இழிவுபடுத்தியவர் என்று என் மகள் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். நீங்கள் இப்படிப்பட்டவரைப் பரிந்துரைக்கலாமா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மகள் குறிப்பிடுவது 1994-ஆம் ஆண்டு நிகழ்ச்சி, அம்மா. இனங்களுக்கிடையே அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டுக்கு மரபணுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வாதிட்ட ‘தி பெல் கர்வ்’ என்ற நூலின் ஆசிரியர்கள் அதை ஒட்டி எழுதிய நீண்ட பகுதியை, தம் இதழில் சல்லிவன் வெளியிட்டார். அலுவலகமே கொதித்தெழுந்தது; உடன் பணியாற்றியவர்கள் எழுதிய மறுப்புகளையும் அதே இதழில் அடுக்கி வெளியிட்டார். விவாதத்துக்கு வைத்தேன், முடிவு சொல்லவில்லை என்பது அவர் தரப்பு. அதற்காக வருந்துவதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இன்றும் அந்த வெளியீட்டைத் தற்காத்தே பேசுகிறார்.

ஓர் ஆசிரியர் எதை விவாதத்துக்கு வைக்கிறார் என்பதே ஒரு தீர்ப்புதான். நூற்றாண்டுக் கணக்கில் ஒரு மக்கள் கூட்டத்தைப் படிக்கவிடாமல், வாக்களிக்கவிடாமல், நல்ல வீட்டில் குடியிருக்கவிடாமல் செய்துவிட்டு, பிறகு அவர்களுடைய மதிப்பெண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு இது பிறப்பிலேயே வந்ததாக இருக்குமோ என்று திறந்த மனத்தோடு யோசிப்பதாகக் காட்டிக்கொள்வதில் திறந்த மனம் எதுவும் இல்லை. சாதியைப் பற்றி இதே வகைப் பேச்சைத் திண்ணைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் வாடை உடனே தெரிந்துவிடும். ஈராக்கில் தம் தவறைப் பார்த்த கண் இதில் ஏன் திறக்கவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர். ஆகவே, அம்மா, நான் அவரைப் பரிந்துரைக்கவில்லை. படித்தேன் என்றுதான் எழுதினேன். உங்கள் மகளிடம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஏற்காவிட்டால் அதுவும் நியாயமே.

கேள்வி: எழுதிப் பிழைக்க முடியாது என்று என் தந்தை சொல்கிறார். சல்லிவன் எப்படிப் பிழைத்தார்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம்

பதில்: முதல் சில ஆண்டுகள் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் எழுதிச் சம்பாதித்ததைக் கொண்டும், வாசகர்களிடம் நன்கொடை கேட்டும் பதிவை நடத்தினார். பிறகு பெரிய இதழ்கள் சம்பளம் கொடுத்து ஏற்றுக்கொண்டன. 2013-இல்தான் துணிச்சலான காரியம் செய்தார். விளம்பரமே வேண்டாம், முதலாளியும் வேண்டாம், ஆண்டுக்கு 19.99 டாலர் சந்தா கொடுங்கள் என்று நேராக வாசகர்களைக் கேட்டார். விருப்பமுள்ளவர்கள் கூடுதலாகவும் தரலாம் என்றார். அறிவிப்பு வெளியான முதல் சில நாட்களிலேயே மூன்று லட்சம் டாலருக்கு மேல் வந்துவிட்டது. கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 30,000 சந்தாதாரர்களும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் அளவில் வருவாயும் இருந்தன. அதில் உதவியாசிரியர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோரின் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் போக வேண்டும் என்பதால், அவர் கோடீஸ்வரராகிவிடவில்லை. இணையத்தில் எல்லாம் இலவசம் என்று எல்லோரும் நம்பிய நேரத்தில், ஒரு தனி எழுத்தாளருக்காக மட்டும் மக்கள் பணம் கொடுப்பார்கள் என்று காட்டினார். இன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் சந்தா வாங்கி மின்னஞ்சல் இதழ் நடத்துகிறார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில் முதலில் நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் உங்கள் தந்தையிடம் இந்தப் பதிலைக் காட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். அந்த 30,000 பேரைச் சேர்க்க அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் இலவசமாகக் கடை விரிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: வாசகர்களை மதித்தவரா? நம் ஊர் விமர்சகர்களைப் போல எதிர்த்துக் கேட்டால் சீறுவாரா?
— ஆசிரியை, காரைக்குடி

பதில்: சீறுவார், சீறிவிட்டு அந்தக் கடிதத்தையும் வெளியிடுவார். அவருடைய பதிவில் வாசகர்கள் நேரடியாகக் கருத்து எழுதும் பகுதி கிடையாது. மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அவரும் உதவியாசிரியர்களும் தேர்ந்தெடுத்து, பெயரில்லாமல் வெளியிடுவார்கள். பெயர் இல்லை என்பதால் புகழுக்காக எழுதுபவர்கள் விலகிவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் எஞ்சினார்கள். சிறை அதிகாரி, செவிலியர், போர்வீரர், பாதிரியார் என்று தத்தம் தொழிலின் உள்ளே இருப்பவர்கள் எழுதிய அந்தக் கடிதங்கள் பல நாட்களில் அவருடைய எழுத்தைவிட மேலாக இருந்தன. வாசகர்கள் தம் வீட்டு சன்னலிலிருந்து எடுத்தனுப்பும் படங்களையும் வெளியிட்டு, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கும் போட்டியும் வைத்தார். அரசியல் சலித்த நாட்களில் நான் அதற்காகவே அந்தப் பக்கத்தைத் திறந்ததுண்டு.

சீற்றம் எல்லை மீறிய தருணமும் உண்டு. 2008-இல் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் கடைசிக் குழந்தையின் பிறப்பைப் பற்றிய ஆதாரமற்ற வதந்தியை, மருத்துவச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டபடியே நெடுநாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு தாயின் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தது அது. அவரை விரும்பிப் படித்தவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: கத்தோலிக்கராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் இருப்பது முரண் இல்லையா?
— வாசகர், வேளாங்கண்ணி

பதில்: முரண்தான் என்று அவரே நூல் அளவுக்கு எழுதியிருக்கிறார். திருச்சபையை விட்டு வெளியேறவும் இல்லை, அதன் போதனையை ஏற்கவும் இல்லை.

கேள்வி: பிரிட்டனில் பிறந்தவர் அமெரிக்கத் தேர்தல்களில் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தாரே, அவருக்கே அங்கு வாக்கு இருந்ததா?
— தபால் துறை அலுவலர், திருவண்ணாமலை

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இல்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் வரவும் குடியேறவும் தடை இருந்தது. 1993-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. ‘தி நியூ ரிபப்ளிக்’ ஆசிரியராக இருந்து அமெரிக்க அதிபர்களுக்கு யோசனை சொன்ன காலத்திலும் அதற்குப் பிறகும், தாம் எந்த நேரமும் நாட்டை விட்டு வெளியேற்றப்படலாம் என்ற நிலையில்தான் அவர் வாழ்ந்தார். 2007-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அமெரிக்கர் ஒருவரைச் சட்டப்படி திருமணம் செய்துகொண்டார். சாதாரணமாகக் குடியுரிமைக்கு அதுவே வழி. ஆனால் தன்பாலினத் திருமணத்தை மத்திய அரசு ஏற்கக் கூடாது என்று 1996-இல் இயற்றப்பட்ட சட்டம் குறுக்கே நின்றது. அந்தச் சட்டம் வேண்டாம் என்று அதே ஆண்டு நாடாளுமன்றக் குழு முன் சென்று சாட்சியம் சொன்னவர்களில் இவரும் ஒருவர் என்பது விதியின் வேடிக்கை. பயணத் தடையை நீக்கும் வேலையை 2008-இல் புஷ் தொடங்கி வைத்தார், ஓபாமா முடித்தார். 2010 ஜனவரியில் தடை நீங்கியது. சல்லிவன் 2011-இல் நிரந்தரக் குடியிருப்பு அட்டையையும், 2016 டிசம்பர் 1 அன்று குடியுரிமையையும் பெற்றார். டிரம்ப் வென்ற தேர்தல் நடந்து மூன்று வாரம் கழித்து! கொடுங்கோன்மைக்கு இந்நாடு பழுத்துக்கிடக்கிறது என்று அந்த ஆண்டு மே மாதமே பிளேட்டோவை மேற்கோள் காட்டி நீண்ட கட்டுரை எழுதி எச்சரித்தவருக்கு, அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடி வாசல் மிதிக்க உரிமை இல்லை.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாட்டுப்பற்றை அவர் சற்று மிகையாகவே எழுதுவார். படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். அட்டை கையில் இல்லாதவன் எழுதிய நாட்டுப்பற்று அது என்று தெரிந்த பிறகு எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

கேள்வி: இவ்வளவு வெற்றி பெற்ற பதிவை ஏன் மூடினார்? இப்போது என்ன செய்கிறார்?
— மென்பொறியாளர், சென்னை

பதில்: உடம்பு தாங்கவில்லை. உச்சத்தில் இருந்தபோது, பகல் நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் அவருடைய குழு இயங்கியது. விடியும் முன் எழுந்து திரையின் முன் உட்கார்ந்தால் உறங்கும்வரை அதுவே வாழ்க்கை. நாட்பட்ட நோயோடு வாழும் உடல் அது. எச்.ஐ.வி.யில் தப்பிப் பிழைத்தது இணையத்தால் சாவதற்கா என்று தம் மருத்துவர் கேட்டதாகப் பின்னர் எழுதினார். 2015 ஜனவரி இறுதியில் அறிவித்து, பிப்ரவரி முதல் வாரத்தில் நிறுத்தினார். அடுத்த ஆண்டு, கைப்பேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு ஒரு தியான மையத்தில் பேசாமல் இருந்த நாட்களைப் பற்றி ‘நியூயார்க்’ இதழில் எழுதிய கட்டுரை, என் கணிப்பில் அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது. கையில் இருப்பதன் அருமையைப் பற்றி ஓக்ஷாட் சொன்னதை, மரத்தையும் மௌனத்தையும் பார்த்து அங்கேதான் அவர் உண்மையாக எழுதினார் என்று எனக்குத் தோன்றியது.

2020 ஜூலையில், இடதுசாரிக் கோட்பாடுகளை ஏற்காத தம்மை அலுவலகத்தில் சகித்துக்கொள்ள முடியவில்லை என்று குறைகூறி அந்த இதழிலிருந்தும் விலகினார். இப்போது, எழுத்தாளர்கள் சந்தா வாங்கி மின்னஞ்சல் இதழ் நடத்த உதவும் சப்ஸ்டாக் தளத்தில் தம் இதழை நடத்துகிறார். வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. பெயரை மட்டும் சற்று மாற்றியிருக்கிறார்: ‘டெய்லி’ போய் ‘வீக்லி டிஷ்’.